கிளட்ச் மிதியில் ஒரு மரக்கட்டை

கொட்டகைக் கதவைத் தள்ளித் திறந்ததும் முதலில் என் கண்ணில் பட்டது அந்த மரக்கட்டைதான். டிராக்டரின் இடது கால் மிதியின் மேல் இரண்டு போல்ட் போட்டு முடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு அங்குலக் கனம் இருக்கும். பூட்ஸ் கால் பட்டுப் பட்டு நடுவில் குழிந்து, எண்ணெய் ஊறிக் கறுத்துப் போயிருந்தது. வாங்குவதாக இருந்தால் முதல் வேலையாக இதைக் கழற்றிவிட வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டேன்.

அது சென்ற அக்டோபர். சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோள அறுவடை நடந்துகொண்டிருந்தது. இல்லினாய்ஸ் மாநிலத்தில் டிகால்புக்கு மேற்கே, எங்கள் வீட்டிலிருந்து முக்கால் மணி நேரத்தில் போய்விடக்கூடிய ஒரு பண்ணை வீடு. விற்பவர் எண்பது வயதைத் தாண்டிய ஓர் அம்மா. வீட்டை விற்றாகிவிட்டது, மகள் இருக்கும் ஊருக்குப் போகப் போகிறார், கொட்டகையைக் காலி செய்ய வேண்டும். தொலைபேசியில் அவர் சொன்னது மூன்றே விஷயம். வண்டி கப் கேடட் 100 என்ற தோட்ட டிராக்டர். புதிதாக வாங்கியது. இதுவரை வேறு யார் கைக்கும் போனதில்லை. அந்த மூன்றாவது விஷயத்துக்காகத்தான் அன்றைக்கே டிரெய்லரை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

தோட்ட டிராக்டர் என்றதும் பலருக்குப் புல்வெட்டும் வண்டிதான் நினைவுக்கு வரும். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். ஒரு ஆள் உட்காரலாம், பானெட் இடுப்பு உயரம்தான் வரும். ஆனால் சாதாரணப் புல்வெட்டும் வண்டியின் பின்னால் கலப்பையைக் கட்டி மண்ணில் இறக்கினால் அதன் கியர்பெட்டி தாங்காது. தோட்ட டிராக்டர் மண்ணில் இறங்கி இழுப்பதற்கென்றே செய்தது. கலப்பை, பனி தள்ளும் தகடு, புல்வெட்டும் தட்டு என்று பருவத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்காவில் நகரத்தை விட்டு வெளியே வந்து ஓர் ஏக்கர், இரண்டு ஏக்கர் என்று வாங்கிக் குடியேறியவர்களுக்குப் பெரிய டிராக்டர் கட்டுப்படியாகாது, கையால் கொத்தியும் மாளாது. அவர்களுக்காக வந்த வண்டிகள் இவை. இந்தியானாவின் சவுத் பெண்டில் பாண்ட் குடும்பத்தார் வீல் ஹார்ஸைத் தொடங்கினார்கள். விஸ்கான்சினின் போர்ட் வாஷிங்டன் என்ற சின்ன ஊரிலிருந்து மட்டும் போலன்ஸ், சிம்ப்ளிசிட்டி என்று இரண்டு பெயர்கள் வந்தன. அப்புறம் பெரிய கம்பெனிகளும் இறங்கின. இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் 1960இல் கப் கேடட்டைக் கொண்டுவந்தது. ஜான் டீர் 1963இல் ஹோரிக்கன் தொழிற்சாலையிலிருந்து 110 என்ற மாடலை வெளியிட்டது.

இவற்றில் கப் கேடட்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. காரணம் அதன் பின்பாகம். போர் முடிந்ததும் கென்டக்கியின் லூயிவில் நகரத்தில் ஒரு விமானத் தொழிற்சாலையை வாங்கி, அங்கே 1947 முதல் ஃபார்மால் கப் என்ற சிறிய டிராக்டரைச் செய்துவந்தது இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர். முழு வயல்வேலைக்கான வண்டி அது. அதன் தம்பியாகக் கப் கேடட்டை வடிவமைத்தபோது கியர்பெட்டியை அந்த அண்ணனின் அச்சை ஒட்டியே கனமான வார்ப்பிரும்பில் செய்துவிட்டார்கள். முன்னுக்கு மூன்று கியர், ரிவர்ஸ் ஒன்று. சின்ன எஞ்சினுக்கு அது தேவைக்கு மேலேயே பலம். அந்தக் காலத்துப் பொறியாளர்கள் செலவை மிச்சம் பிடிக்காமல் விட்ட அந்த ஒரு இடத்தால்தான் அறுபது வருஷம் கழித்தும் இவை மண்ணில் இறங்குகின்றன.

முதலில் வந்த கப் கேடட்டில் 7 குதிரை சக்தி எஞ்சின். எஞ்சினிலிருந்து பின்னால் போகும் ஷாஃப்டை ஒரு வி-பெல்ட் சுழற்றியது. 1963இல் 70, 100 என்ற மாடல்கள் வந்தபோது அந்த பெல்ட்டை எடுத்துவிட்டு, எஞ்சினுக்குப் பின்னாலேயே கிளட்ச், கிளட்சிலிருந்து நேராகக் கியர்பெட்டிக்கு ஷாஃப்ட் என்று மாற்றினார்கள். நடுவில் வழுக்குவதற்கு ஒன்றும் இல்லை. 100இல் இருப்பது கோலர் கே241 எஞ்சின். ஒற்றை சிலிண்டர், 10 குதிரை சக்தி, 392 சிசி. நம் ஊரில் கோலர் என்றால் குளியலறைக் குழாய்தான் ஞாபகம் வரும். அதே கம்பெனிதான். 1920லிருந்தே எஞ்சினும் செய்துவந்தது.

பழைய தோட்ட டிராக்டர்களை வாங்கும் இந்த ஆசை எனக்கு எப்படி வந்தது என்று கேட்பவர்களிடம் அயோவாவில் இருக்கும் மவுன்ட் ப்ளசன்டைச் சொல்வேன். செப்டம்பர் தொடக்கத்தில், தொழிலாளர் தின விடுமுறையை ஒட்டி, பழைய நீராவி எஞ்சின்களும் டிராக்டர்களும் அங்கே திருவிழாபோல் கூடும். 1950லிருந்து நடக்கிறது. நீராவி எஞ்சின் பார்க்கத்தான் குடும்பத்தோடு போனோம். நான் நின்றுவிட்டது ஓர் ஓரத்தில், சின்ன டிராக்டர்கள் வரிசையாக நின்ற இடத்தில். ஒரு பெரியவர் ஒரு வண்டியின் பானெட்டைத் தூக்கிக் காட்டி ஒரு மணி நேரம் எனக்குப் பாடம் எடுத்தார். அடுத்த வசந்தத்தில் என் முதல் வண்டியை வாங்கினேன்.

அந்த முதல் வண்டி எனக்குக் கற்றுக்கொடுத்ததுதான் இன்றைக்கும் என் கையைப் பிடித்து நடத்துகிறது. பளபளவென்று புது பெயிண்ட், புது ஸ்டிக்கர், புது சீட். விற்றவர் பழைய வண்டிகளை வாங்கி விற்பதையே தொழிலாக வைத்திருந்தார். பெயிண்டைப் பார்த்து மயங்கிக் கேட்ட விலையைக் கொடுத்தேன். அந்தக் கோடையே சேஸில் ஒரு இடத்தில் பெயிண்ட் கொப்பளித்தது. சுரண்டினால் உள்ளே பட்டி. பட்டியைச் சுரண்டினால் அவசரத்தில் போட்ட வெல்டிங், வெல்டிங்குக்குப் பக்கத்திலேயே புது விரிசல். பணம் போனதைக்கூடப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த விரிசலோடு மகளை மடியில் வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஓட்டினேனே என்று நினைத்துத்தான் பல நாள் தூக்கம் வரவில்லை.

அன்றிலிருந்து புது பெயிண்ட் அடித்த வண்டியை நான் வாங்குவதில்லை. பழைய பெயிண்ட் மறைக்காது. எங்கே கல் பட்டது, எங்கே பெட்ரோல் சிந்தியது, எந்தப் பக்கம் ஏறி எந்தப் பக்கம் இறங்கினார்கள், கழற்றக்கூடாத போல்ட்டை யாராவது கழற்றினார்களா, எல்லாம் அதில் இருக்கும். ஜான் டீர் 1969இல் பேட்டியோ என்று ஒரு வரிசை விட்டது. உடம்பு வெள்ளை, பானெட்டும் சீட்டும் மட்டும் மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு, நீலம் என்ற நான்கில் ஒரு நிறம். அந்த வண்டிகளில் ஒன்றை ஜான் டீரின் வழக்கமான பச்சை மஞ்சளாக மாற்றி அடித்து நிறுத்தியிருந்ததை ஒரு கண்காட்சியில் பார்த்தேன். வேலை சுத்தமாக இருந்தது. ஆனாலும் வீட்டுக்கு வரும் வழியெல்லாம் மனசு ஆறவில்லை. அந்த நிறம்தானே அந்த வண்டி?

சரி, கொட்டகைக்கு வருகிறேன்.

நான் பார்க்கும் முறை எப்போதும் பின்னாலிருந்து முன்னால். கியர்பெட்டியின் எண்ணெய் அளவு பார்க்கும் போல்ட்டைக் கழற்றி ஒரு குச்சியை விட்டு எடுத்தேன். எண்ணெய் பாலாடைபோல் வெளுத்திருந்தது. தண்ணீர் இறங்கியிருக்கிறது. கியர் லிவரைச் சுற்றியுள்ள ரப்பர் உறை கிழிந்தால் மழைத்தண்ணீர் அந்த வழியாகத்தான் போகும். இல்லினாய்ஸ் குளிரில் அடியில் தேங்கிய தண்ணீர் உறைந்தால் வார்ப்பிரும்பு வெடிக்கவும் வாய்ப்பு உண்டு. படுத்துக்கொண்டு டார்ச் அடித்து அடிப்பாகம் முழுவதும் விரலால் தடவிப் பார்த்தேன். விரிசல் இல்லை. மூச்சு வந்தது.

அடுத்து ஷாஃப்ட். இரண்டு முனையிலும் அதைப் பிடித்திருக்கும் ரோல் பின் தேய்ந்து துளை அகன்றிருந்தால் கையால் திருகும்போதே கடகடக்கும். கொஞ்சம் கடகடத்தது. ஸ்டியரிங்கில் இரண்டு அங்குலம் வெற்றாட்டம். இரண்டுமே சரி செய்யக்கூடியவை. எஞ்சின் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று புல்லியைக் கையால் சுற்றினேன். கம்ப்ரெஷன் வரும் இடத்தில் கையை எதிர்த்துத் தள்ளியது. நல்லது. கிரீஸ் அடிக்கும் நிப்பிள்களைத் துடைக்கலாம் என்று துணியை எடுத்தேன். துடைக்கத் தேவையே இல்லை. சுற்றிலும் தூசும் பழைய எண்ணெய்ப் பிசுக்கும் இருக்க, நிப்பிளின் தலை மட்டும் சுத்தமாக இருந்தது. ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டு கிரீஸ் அடித்த யாரோ ஒருவர் இந்த வண்டியை வைத்திருந்திருக்கிறார்.

அப்புறம் பானெட்டைத் தூக்கினேன். உட்பக்கத்தில், மேலிருந்து கீழாக, சின்னச் சின்ன எழுத்தில் தேதிகள். முதல் தேதி 1965, ஜூன். ஆயில் மாற்றிய நாள், பிளக் மாற்றிய நாள், பிளக்குக்கு மின்பொறி கிடைக்க வைக்கும் பாயிண்ட் என்ற தொடுமுனையை மாற்றிய நாள். இந்த எஞ்சினுக்கு 25 மணி நேரம் ஓடினால் ஆயில் மாற்ற வேண்டும். அதைத் தவறவிடாத ஒரு கை. ஒரு பத்தி நிரம்பி, பக்கத்தில் இன்னொரு பத்தி தொடங்கி, 2011 வரை போயிருந்தது. பேனா மாறியிருக்கிறது, பென்சில் வந்திருக்கிறது, கையெழுத்து மட்டும் ஒன்றே. கடைசிச் சில வரிகளில் எழுத்து லேசாக நடுங்கியிருந்தது. நான் கொஞ்ச நேரம் பானெட்டைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

"உங்கள் கணவர் ரொம்பப் பொறுப்பானவர் போலிருக்கிறது" என்றேன்.

வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த அந்த அம்மா, "அவர் நல்ல மனுஷன்தான். ஆனால் அது என் கையெழுத்து" என்றார்.

கணவர் லாரி ஓட்டியவர். வாரத்தில் ஐந்து நாள் ஊரில் இருக்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் முக்கால் ஏக்கரில் இனிப்புச் சோளமும் தக்காளியும் போட்டு, ஜூலை ஆகஸ்டில் சாலையோரம் மேஜை போட்டு விற்றது இந்த அம்மா. உழுதது அவர், ஆயில் மாற்றியது அவர், பனிக்காலத்தில் தகட்டை மாட்டி வாசலிலிருந்து சாலைவரை பனி தள்ளியதும் அவர். பாயிண்ட் இடைவெளி எவ்வளவு வைப்பீர்கள் என்று கேட்டேன். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 20 பங்கு என்று யோசிக்காமல் சொன்னார். சரியான அளவு அது. கணவரைத்தான் கேட்க வேண்டும் என்று நானாக முடிவு செய்துகொண்டு பேசியதற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எத்தனையோ பேர் அப்படித்தான் கேட்டிருக்கிறார்களாம்.

ஆள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல்தான் இருப்பார். எனக்கு மரக்கட்டை ஞாபகம் வந்தது. "கால் எட்டாமல்தான் அதை வைத்தீர்களா?"

அவர் சிரித்தார். "கலப்பையைக் கட்டி ஒருமுறை உழுது பாருங்கள். அப்புறம் கழற்றலாமா வேண்டாமா என்று முடிவு செய்யுங்கள்."

கலப்பை ஒரு மூலையில் சாய்ந்திருந்தது. அதுவும் லூயிவில் ஊர்க்காரர்களான பிரின்லி கம்பெனி செய்தது. பத்து அங்குலம் அகலமாக மண்ணை வெட்டி வலப்பக்கம் புரட்டிப் போடும் ஒற்றைக் கலப்பை. கொழுவின்மேல் கெட்டியாகக் கிரீஸ் தடவி, அதன்மேல் செய்தித்தாளைச் சுற்றி வைத்திருந்தார். தாளைப் பிரித்தால் இரும்பு கண்ணாடிபோல் பளபளத்தது. துரு ஏறிய கொழுவில் மண் ஒட்டிக்கொண்டு புரளாது. பத்துப் பதினைந்து வருஷமாக உழாத கலப்பையை, நாளைக்கே உழப்போவதுபோல் பாதுகாத்து வைத்திருக்கிறார்.

விலை, கலப்பையோடு சேர்த்து 700 டாலர் என்றார். நான் பேரம் பேசவில்லை. வழக்கமாகப் பேசுவேன். எஞ்சின் ஓடாத வண்டிக்கு ஒரு விலை, எண்ணெயில் தண்ணீர் இருந்தால் அதற்கொரு கழிவு என்று எனக்கொரு கணக்கு உண்டு. ஆனால் எந்த வண்டியிலும் நான் தேடுவது அதை வைத்திருந்தவர் எப்படி வைத்திருந்தார் என்பதைத்தான். அதற்குச் சாட்சி நாற்பத்தாறு வருஷத் தேதிகளாக பானெட்டுக்குள் இருக்கிறது, சாட்சி சொல்பவரே வாசலில் உட்கார்ந்திருக்கிறார். இனி எதைக் குறைத்துக் கேட்பது? பணத்தை எண்ணிக் கொடுத்தேன். வண்டியைக் கையால் இழுத்து டிரெய்லரில் ஏற்றி நான்கு மூலையிலும் பெல்ட் போட்டு இறுக்கும்வரை அவர் கூடவே நின்றார். பின்பக்க பெல்ட்டை இழுத்துப் பார்த்து, இன்னும் ஒரு பல் இறுக்கச் சொன்னார்.

வீட்டில் மனைவி வெளியே வந்து பார்த்துவிட்டு, "எத்தனை வேணும்னாலும் வாங்குங்க, என் கார் நிக்கிற இடத்தை மட்டும் விட்டுடுங்க" என்றாள். பானெட்டைத் தூக்கித் தேதிகளைக் காட்டினேன். ஒவ்வொன்றாகப் படித்தாள். "1974ல ஒரு வருஷம் ஒண்ணுமே எழுதலையே" என்றாள். நான் அதைக் கவனித்திருக்கவில்லை. பிறகு தொலைபேசியில் பேசும்போது கேட்டேன். அந்த வருஷம்தான் மகள் பிறந்தாளாம்.

குளிர்காலம் முழுக்கச் சனி ஞாயிறுகளில் வேலை பார்த்தேன். வெளுத்துப்போன எண்ணெயை வடித்து, புது எண்ணெய் விட்டு, கொஞ்ச தூரம் ஓட்டி, அதையும் வடித்து மறுபடி விட்டேன். கியர் லிவருக்குப் புது ரப்பர் உறை. ஷாஃப்டின் ரோல் பின்கள் இரண்டும் புதிது. பழையதைத் தட்டி வெளியே எடுக்கவே ஒரு முழு நாள் ஆனது. கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக உறைந்திருந்தது. பெட்ரோல் குழாய், கண்டென்சர், பாயிண்ட் மாற்றினேன். பாயிண்ட் இடைவெளி அவர் சொன்ன அளவுதான். இந்த வண்டியில் செல்ஃப் மோட்டாரும் டைனமோவும் ஒரே உருளைதான். ஒரு பெல்ட் மூலம் எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பும், கிளம்பியதும் அதுவே பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றும். பற்சக்கரம் மோதும் சத்தம் கிடையாது. மார்ச் மாதம் முதல்முறை சாவியைத் திருப்பியபோது முனகல்போல் ஒரு சுழற்சி, இன்னொரு சுழற்சி, பிறகு அந்த ஒற்றை சிலிண்டரின் நிதானமான தட் தட் தட். மனைவியும் மகளும் சமையலறையிலிருந்து ஓடி வந்துவிட்டார்கள்.

பெயிண்டைத் தொடவில்லை. பிரஷர் வாட்டர் அடித்தால் ஸ்டிக்கர் உரிந்துவிடும் என்பதால் மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பிசுக்கை மட்டும் துடைத்தேன். துரு பிடித்த இடங்களில் ஆளி விதை எண்ணெய் தடவினேன். மஞ்சள் எங்கே வெளிறியதோ அங்கே வெளிறியே இருக்கிறது. இடது கால்வைக்கும் தகட்டில் பெயிண்ட் தேய்ந்து வெறும் இரும்பாக ஒரு பாத அளவு இடம். அதையும் அப்படியே விட்டேன். மரக்கட்டையை மட்டும் மறக்கவில்லை. கம்பெனி வைத்து அனுப்பாத ஒன்று அது. இரண்டு போல்ட்டையும் கழற்றி, கட்டையை ஒரு டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினேன்.

ஏப்ரல் கடைசி வாரம் மண் பதத்துக்கு வந்தது. இந்த ஊர் மண் கறுப்பு. கையில் பிடித்து அழுத்தினால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். பின்சக்கரங்களில் எடைக்கட்டிகளை மாட்டி, கலப்பையைக் கட்டி, கயிறு பிடித்து நேராக முதல் சால் ஓட்டினேன். இரண்டாம் கியர், பாதி த்ராட்டில். தரைமட்டத்தில் நிற்கும் வண்டி, அதனால் ஒன்றும் கஷ்டமில்லை. மண் கொழுவின்மேல் ஏறி, வளைந்து, வலப்பக்கம் சாய்ந்து விழுந்தது. அந்த வாசனைக்காகவே உழலாம்.

இரண்டாவது சாலுக்கு வலது சக்கரங்கள் முதல் சாலுக்குள் இறங்கி ஓட வேண்டும். இறங்கியதும் வண்டி மொத்தமும் வலப்பக்கம் சாய்ந்தது. ஆறு அங்குல ஆழம்தான், ஆனாலும் அந்தச் சின்ன வண்டிக்கு அது பெரிய சாய்வு. உடம்பு தானாக சீட்டில் வலப்பக்கம் வழுக்கியது. வலது காலை ஊன்றி உட்கார்ந்துகொண்டேன். சால் முடியும் இடத்தில் கிளட்சை மிதிக்க இடது காலை நீட்டினேன். மிதி எட்டவில்லை. நுனிவிரல்தான் பட்டது. நான் ஐந்தடி ஒன்பது அங்குலம். எழுந்து, ஸ்டியரிங்கைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு மிதிப்பதற்குள் கலப்பை வேலிக்கு ஒரு முழம் முன்னால் வந்து நின்றது.

எஞ்சினை அணைத்துவிட்டு அந்தச் சாய்விலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். இடது காலை நீட்டி, பாதத்துக்கும் மிதிக்கும் நடுவில் இருந்த இடைவெளியைப் பார்த்தேன். இரண்டு அங்குலம் இருக்கும்.

ஷெட்டுக்குப் போய் டப்பாவிலிருந்து கட்டையை எடுத்து வந்தேன். குழிந்த பக்கம் மேலே வருமாறு வைத்து, அதே துளைகளில் அதே போல்ட்டுகளைப் போட்டு முடுக்கினேன். மூன்றாவது சாலுக்கு மறுபடி வண்டியை இறக்கினேன்.